ஏழாம் பிரிவில் ஒரு ‘வேண்டும்’

பணிக்குழுவில் அவளுக்குக் கமா என்று பெயர் வைத்தவர் தாடிக்காரர்தான். முதல் கூட்டத்திலேயே ஒரு காற்புள்ளியை எங்கே போடுவது என்று மதியச் சாப்பாடு வரைக்கும் மல்லுக்கு நின்றாள். புள்ளி இடம் மாறினால் வாக்கியத்துக்கு இரண்டு அர்த்தம் வரும், இரண்டு கம்பெனிகள் இரண்டு விதமாகப் படித்து இரண்டு விதமாகக் கட்டிவைக்கும் என்பது அவள் வாதம். வாதத்தில் ஜெயித்தாள், பெயரும் ஒட்டிக்கொண்டது. இதைவிட மோசமான பெயர்கள் உலகத்தில் உண்டு என்று அவளும் விட்டுவிட்டாள்.

கிளவுடில் வாடகைக்கு ஓடும் சர்வர்களை எப்படிக் கண்காணிப்பது என்பதற்கு ஒரு பொதுவான தரநிலை எழுதுவது குழுவின் வேலை. டிஸ்க் எவ்வளவு நிரம்பியிருக்கிறது, மெமரி எவ்வளவு மிச்சம், பிராசஸர் எங்கே மூச்சு வாங்குகிறது என்பதையெல்லாம் ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டத்துக்கு அளந்து, தன் இஷ்டத்துக்குப் பெயர் சூட்டிக்கொண்டிருந்தது. ஒருவர் நிரம்பியதைச் சொன்னால் அடுத்தவர் மிச்சத்தைச் சொல்வார். இரண்டு பேரிடமும் சர்வர் வைத்திருப்பவன் தலையைப் பிய்த்துக்கொள்வான். எல்லோரும் ஒரே பாஷை பேசட்டும் என்றுதான் கம்பெனிக்கு ஒருவராக வந்து, ஒரு வாடகைக் கட்டடத்தின் மேல்மாடியில் உட்கார்ந்து எழுதினார்கள். ஆளுக்கொன்றாகச் சொல்வதை ஒரே உரையாகக் கோத்துத் தருவது கமாவின் பொறுப்பு.

முதல் ஆறு பிரிவுகளை இழுபறியாக முடித்துவிட்டார்கள். ஏழாவதில் வண்டி நின்றது.

ஏழாம் பிரிவு பார்க்கச் சின்னதுதான். ஒரு சர்வரிலிருந்து அளவே வராமல் போனால் கண்காணிப்புத் திரையில் என்ன காட்டுவது? ‘தெரியவில்லை’ என்று காட்ட வேண்டும், பழைய அளவைக் காட்டக் கூடாது, பூஜ்யமும் போடக் கூடாது என்று கமா எழுதியிருந்தாள். அந்த உரையில் ‘வேண்டும்’ என்ற சொல்லுக்குத் தனி எடை உண்டு. ‘வேண்டும்’ என்றால் கட்டாயம். செய்யாதவர் தரநிலையைப் பின்பற்றுவதாகச் சொல்லிக்கொள்ள முடியாது. ‘நலம்’ என்று எழுதினால் வெறும் ஆலோசனை. செய்தாலும் செய்யலாம், விட்டாலும் விடலாம்.

“ஒத்துக்க முடியாது,” என்றார் மலை.

மலை ஆள் ஒல்லி. ஒரு நிலைப்பாட்டை எடுத்துவிட்டால் நகரமாட்டார் என்பதால் அந்தப் பெயர். எல்லாரையும்விடப் பெரிய கிளவுட் கம்பெனியின் பிரதிநிதி அவர். நாட்டில் ஓடும் சர்வர்களில் பாதிக்கு மேல் அவர்களுடைய கூரைக்குக் கீழேதான் ஓடின.

“காரணம் சொல்லுங்க,” என்றார் தலைவர். தொலைபேசித் துறையில் பெரிய பொறுப்பில் இருந்து ஓய்வு பெற்ற அம்மாள் அவர். எதிர்ப்பு என்றால் தொழில்நுட்பக் காரணம் சொல்லியாக வேண்டும் என்பது குழுவின் விதி; அந்த விதியில் மட்டும் அவர் யாருக்கும் சலுகை காட்டியதில்லை.

“திரை பூரா ‘தெரியவில்லை, தெரியவில்லை’ன்னு வந்தா, நிஜமான கோளாறு அந்தக் கும்பல்ல மறைஞ்சுடும். பாக்கறவன் மிரண்டு போவான், இல்லன்னா பழகிப் போய்க் கண்டுக்கமாட்டான். ரெண்டும் ஆபத்து.”

அதற்கு மேல் அவர் விளக்கவில்லை. கமா கேட்டதற்கும், “உள்விஷயம், மேடம்,” என்று வாயை மூடிக்கொண்டார். கூட்டம் அத்துடன் கலைந்தது.

படியிறங்கும்போது தாடிக்காரர் அவள் காதைக் கடித்தார். அவர் எந்தக் கம்பெனியையும் சேராதவர். இலவச மென்பொருள் எழுதுகிற கூட்டத்தின் சார்பாக வருபவர். “எதுக்கு இந்தக் கெஞ்சல்? ஓட்டுக்கு விடுங்க. நம்ம பக்கம் ஆள் இருக்கு. மலையைத் தூக்கி ஓரமா வெச்சுட்டுப் போயிட்டே இருக்கலாம்.”

“பாதி சர்வர் அவங்க கிட்ட இருக்கு. அவங்க இல்லாம பாஸ் பண்ணி யாருக்கு என்ன பிரயோஜனம்? ஏட்டுச் சுரைக்காய்தான் கிடைக்கும்.”

“அப்ப ‘நலம்’னு போட்டு முடிச்சுடுங்க.”

“அது நடக்காது,” என்றாள் கமா.

அந்த ‘நடக்காது’க்குப் பின்னால் ஒரு காலை நேரம் இருந்தது. ஆம்புலன்ஸ் அழைப்புகளை வாங்கி வண்டி அனுப்புகிற ஒரு மையத்துக்கு அவளுடைய கம்பெனிதான் கண்காணிப்பு மென்பொருள் கொடுத்திருந்தது. அன்று சர்வரில் டிஸ்க் நிரம்பிவிட்டது. நிரம்பியதும் முதலில் செத்தது அளவு அனுப்பும் நிரல்தான். அடுத்து அழைப்புகளை வாங்கும் நிரலும் நின்றது. திரையோ கடைசியாக வந்த அளவைப் பிடித்துக்கொண்டு, எல்லாம் நலம் என்று பச்சையாகச் சிரித்துக்கொண்டிருந்தது. வழக்கமாக ஓயாமல் அடிக்கிற போன்கள் ஓய்ந்துகிடக்கவே, ஊர் இன்று நன்றாக இருக்கிறது போல என்று அங்கே இருந்தவர்கள் பேசிக்கொண்டார்களாம். வெளியே ஜனங்கள் திரும்பத் திரும்பக் கூப்பிட்டு, பதில் வராமல், நோயாளிகளை ஆட்டோவிலும் தோளிலும் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். உயிர்ச்சேதம் இல்லை என்று பின்னால் தெரிந்தது. கமாவும் அவளுடைய மேனேஜரும் அந்த அறைக்குப் போய் நின்றபோது திரை அப்போதும் பச்சையாகத்தான் இருந்தது. அந்தப் பச்சை அவள் மனதில் முள்ளாகத் தங்கிவிட்டது.

கூட்டம் முடிந்த மறுவாரம் அவள் மலைக்குப் போன் செய்தாள். “சார், உங்க உள்விஷயத்தை வெளிய கொண்டுவர வேண்டாம். நான் உள்ள வரலாமா?”

“இதுவரைக்கும் யாரும் அப்படிக் கேட்டதில்ல, மேடம். வாங்க, பாஸ் போட்டு வைக்கிறேன்.”

அவர் அவளை அழைத்துப்போன இடம் வாடிக்கையாளர் உதவிக்கூடம். வரிசை வரிசையாக மேசைகள், ஹெட்ஃபோன் மாட்டிய தலைகள், ஆளுக்கு ஒரு தண்ணீர் பாட்டில். ஓரத்தில் யாரும் உட்காராத மேசை ஒன்றில் ஒரு திரை தனியாக ஓடிக்கொண்டிருந்தது.

“இது உங்க ஏழாம் பிரிவு,” என்றார் மலை. “எழுத்துக்கு எழுத்து அப்படியே போட்டுப் பாத்தேன்.”

கமா திரைக்கு அருகில் போனாள். எதிர்க்கிறவர் தன் விதியை இவ்வளவு சிரத்தையாகச் செய்து பார்த்திருப்பார் என்று அவள் கனவிலும் நினைக்கவில்லை. திரையில் அம்மை போட்ட முகம் மாதிரி சாம்பல் நிறப் புள்ளிகள். ஒன்று தோன்றி மறைவதற்குள் இன்னொரு மூலையில் நாலு தோன்றின.

“இதுல எது செத்த சர்வர், எது சும்மா தும்முன சர்வர்? சொல்லுங்க பாப்போம்.”

அவள் ஒரு புள்ளியைத் தொடப் போய்க் கையை இழுத்துக்கொண்டாள். “எல்லாமே தும்மலா?”

“முக்கால்வாசி. நெட்வொர்க்ல ஒரு நெரிசல் வந்தா அளவு கொஞ்சம் தாமதமா வரும். நீங்க அதையும் ‘தெரியவில்லை’ங்கறீங்க. இதைப் பாத்துட்டு ஒவ்வொரு வாடிக்கையாளரும் போன் பண்ணா…” அவர் கூடத்தைக் கையால் காட்டினார். “இவங்கதான் வாங்கிக் கட்டிக்கணும்.”

கமா ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டுக்கொண்டு அந்தத் திரையையே வெகுநேரம் பார்த்தாள். கண் வலிக்கிற அளவுக்குப் பார்த்துவிட்டுத் திரும்பினாள். “நீங்க சொல்றது சரி சார். நான் எழுதினது தப்பு.”

மலை இதை எதிர்பார்க்கவில்லை. சண்டைக்குத் தயாராக மடித்து வைத்திருந்த சட்டைக்கையை இறக்கிவிட்டுக்கொண்டார். “காபி சாப்பிடலாமா?”

காபி ஆறி ஆடை கட்டியதுதான் மிச்சம். கேன்டீன் மேசையில் கமா மடிக்கணினியைத் திறந்துவைத்துக்கொண்டு அடித்தாள், அழித்தாள், மறுபடி அடித்தாள்.

“வராததுக்கும் லேட்டா வர்றதுக்கும் வித்தியாசம் வேணும். அதானே உங்க குறை?”

“அதான். அதுக்கு அனுப்புறவன் முதல்லயே வாக்கு கொடுக்கணும். இத்தனை நிமிஷத்துக்கு ஒரு தடவை நான் பேசுவேன்னு.”

“சரி. அந்த நேரம் தாண்டிட்டா?”

“உடனே கத்தக் கூடாது. கடைசி அளவையே காட்டலாம். ஆனா அது எவ்வளவு பழசுன்னு கூடவே எழுதிக் காட்டிடணும்.”

“ரொம்பப் பழசாயிட்டா ‘தெரியவில்லை’. அதுல மட்டும் தள்ளுபடி கிடையாது.”

“எவ்வளவு பழசானா? வாக்கு கொடுத்ததுக்கு அஞ்சு மடங்கு.”

“ஆம்புலன்ஸ் மையத்துல அஞ்சு மடங்கு காத்திருந்தா ஆள் போயிடும் சார். ரெண்டு.”

“ரெண்டுன்னா போன் எடுக்கற என் பசங்க போயிடுவாங்க. மூணு.”

“மூணு,” என்று தட்டச்சு செய்தாள் கமா. மலை எட்டிப் பார்த்து, “‘மூன்று மடங்குக்குள்’ளா, ‘மூன்று மடங்கு கடந்ததும்’ஆ?” என்று கேட்டார். அவள் தலை நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கமா வியாதி தொற்றிக்கொண்டது என்றார் மலை.

புதிய வரைவை எல்லோருக்கும் அனுப்பியபோது, சொல்லிப் பயனில்லை, செய்து பார்ப்போம் என்றார் தலைவர். ஒரு கல்லூரியின் ஆய்வுக்கூடத்தில் சோதனை நாள் குறித்தார்கள். ஒவ்வொரு கம்பெனியும் தன் கண்காணிப்பு மென்பொருளைக் கொண்டுவந்து வரிசையாகத் திரைகளை வைத்தது. சர்வர்களின் வாயை அடைக்கிற வேலையைத் தாடிக்காரர் கேட்டு வாங்கிக்கொண்டார். கல்யாண மாப்பிள்ளை மாதிரி அன்று அவர் முகத்தில் களை.

அளவு அனுப்பும் நிரல்களை அவர் ஒவ்வொன்றாக நிறுத்தினார். எல்லோரும் திரைகளைப் பார்த்தபடி நின்றார்கள். தாடிக்காரர் கூட்டத்தின் மென்பொருளில் அளவின் வயது ஏறி, உரிய நேரத்தில் ‘தெரியவில்லை’ வந்தது. மலையின் கம்பெனியுடையது வயதைக் காட்டியது, ஆனால் ‘தெரியவில்லை’க்குப் போகாமல் பாதியிலேயே நின்றது. “செய்யணும். வேலை பாக்கி இருக்கு,” என்று மலை தானே சொல்லிவிட்டார்.

கமாவின் கம்பெனித் திரை பச்சையாக இருந்தது.

இன்னும் கொஞ்சம் பொறுத்தார்கள். பச்சை. ஆம்புலன்ஸ் விவகாரத்துக்குப் பிறகு இதைச் சரிசெய்துவிட்டதாகத்தான் அவள் நம்பியிருந்தாள். தனித்தனி சர்வரின் பக்கத்தைத் திறந்தால் சரியாகத்தான் காட்டியது. ஆனால் எல்லோரும் முதலில் பார்க்கிற முகப்புப் பக்கம், பழைய அளவுகளையே கூட்டி வகுத்து, ஒன்றுமே நடக்காதது போல உட்கார்ந்திருந்தது.

“ஊருக்குத்தான் உபதேசம் போல,” என்று பின்னாலிருந்து ஒரு குரல். சிரிப்பு எழுந்தது. கமாவுக்குக் காது மடல்கள் சுட்டன. மலை மட்டும் சிரிக்காமல் குனிந்து ஷூ கயிற்றை அவிழ்த்துக் கட்டினார்.

தாடிக்காரர் மெதுவாக அருகில் வந்தார். “வேணும்னா உங்க ஆளுங்க சரி பண்ணட்டும், அப்புறமா இன்னொரு தடவை பாத்துட்டு முடிவை எழுதிக்கலாமா?”

“இல்ல. இப்பவே எழுதுங்க,” என்றாள் கமா. “தோல்வி. எங்க பேரை முதல் வரியில போடுங்க.”

செய்தி அவளுக்கு முன்னால் ஆபீஸ் போய்ச் சேர்ந்துவிட்டது. மேனேஜர் கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டு, கதவைச் சாத்தினார். “நம்ம காலை நாமளே வெட்டிக்கிட்டோமே?”

“காலு ஏற்கெனவே ஊனம் சார். இன்னிக்குத்தான் தெரிஞ்சுது.”

“வேடிக்கை போதும். அந்தப் பிரிவுல ‘வேண்டும்’ங்கறதை எடுத்துட்டு ‘நலம்’னு போடுங்க. பேனா உங்க கையிலதானே இருக்கு?”

“பேனா என் கையில இருக்கறதுனாலதான் சார் போட முடியாது. நமக்கு வசதியா இல்லைன்னு நானே மாத்தினா, நாளைக்கு அந்த உரையை யாரு நம்புவா?”

“அப்ப வேற ஆளை அனுப்ப வேண்டியிருக்கும்.”

கமாவின் குரல் பிசகவில்லை. “அனுப்புங்க சார். அனுப்பறதுக்கு முன்னாடி அந்த ஆளை ஆம்புலன்ஸ் அறைக்கு ஒருதரம் கூட்டிட்டுப் போங்க. நீங்களே கூட்டிட்டுப் போங்க. அன்னிக்கு என் பக்கத்துல நின்னது நீங்கதானே.”

மேனேஜர் மேசை மேலிருந்த பேப்பர் வெயிட்டை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உருட்டினார். “சரி பண்ண எவ்வளவு நாள் ஆகும்னு கேட்டுச் சொல்லுங்க,” என்றார் கடைசியில். அது சம்மதமும் இல்லை, மறுப்பும் இல்லை. கேட்டதில் தெரிந்ததும் நல்ல சேதியில்லை: முகப்புப் பக்கத்தை அடியோடு பிரித்துத்தான் கட்ட வேண்டும், அடுத்த கூட்டத்துக்குள் நடக்கிற காரியமில்லை.

வீட்டுக்கு வந்து தட்டின் முன்னால் உட்கார்ந்தவள் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். மாமியார் பார்த்துக்கொண்டே இருந்தார். “என்னடி, கோட்டை பிடிக்கப் போறியா? வாயில வை.”

“மேனேஜரோட தகராறு, அத்தை.”

“அந்தாளுக்கு என்னவாம்?”

“‘வேண்டும்’ வேண்டாமாம்.”

மாமியார் கரண்டியைக் கீழே வைத்தார். “வேணும்கறதே வேணாம்னா, அப்புறம் என்னதான் வேணுமாம்?”

கணவன் குடித்துக்கொண்டிருந்த தண்ணீர் புரையேறியது. தலையில் தட்டிக்கொண்டே சிரித்தான். கமாவுக்கும் சிரிப்பு வந்து, அதன் வால் பிடித்துக் கண்ணீரும் வந்தது. புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு சாப்பிட்டாள். வேலை போனால் போகட்டும், வேறு பார்த்துக்கொள்ளலாம் என்று பாத்திரம் கழுவும்போது கணவன் சொன்னான். போகாது, போனாலும் மாற்றமாட்டேன் என்றாள் அவள்.

வேறு ஆளை அனுப்பவில்லை. கடைசிக் கூட்டத்துக்கு அவளே போனாள். அங்கே இன்னொரு இடி காத்திருந்தது. ஏழாம் பிரிவு வந்ததும் மலை எழுந்து, ஒரு தாளை விரித்து, ஏறிட்டுப் பார்க்காமல் படித்தார். அவருடைய கம்பெனி ஏழாம் பிரிவை வரவேற்கிறது, ஆனால் ‘வேண்டும்’ என்பது ‘நலம்’ என்று மாற்றப்பட்டால் மட்டுமே ஏற்கும்.

“இது என்ன சார், நீங்களும் சேந்து எழுதினதுதானே!” என்று தாடிக்காரர் எகிறினார். தலைவர் கையமர்த்தினார்.

கமாவுக்குக் கோபம் வரவில்லை. தான் கண்ணாடி அறையில் கேட்ட அதே பாட்டைத்தான் அவரும் எங்கோ ஒரு அறையில் கேட்டிருப்பார் என்று அவளுக்குத் தெரிந்தது. எழுந்தாள்.

“முதல்ல எங்க கதையைச் சொல்லிடறேன். எங்க மென்பொருள் இந்தப் பிரிவுல தோத்துடுச்சு, எல்லாருமே பாத்தீங்க. இன்னிய தேதிக்கும் தோத்துதான் கிடக்கு. ‘நலம்’னு மாறினா எனக்கு லாபம். அப்படியிருந்தும் ‘வேண்டும்’தான் இருக்கணும்னு சொல்றேன். ஆனா பழைய மென்பொருளை ஒரே நாள்ல மாத்த முடியாதுங்கறதும் நிஜம். அதனால, ஏற்கெனவே ஓடிட்டிருக்கறதுக்கு தரநிலையோட அடுத்த பதிப்பு வரைக்கும் அவகாசம் கொடுக்கலாம். அதுவரைக்கும் ‘இங்கே காட்டுவது பழைய அளவாக இருக்கலாம்’னு திரையிலயே எழுதி வெக்கணும். அந்த எழுத்துக்கும் ‘வேண்டும்’தான்.”

அவகாசம் என்ற சொல் அவளுக்கே பிடிக்கவில்லை. அந்த இடைவெளியில் இன்னும் எத்தனை அறைகளில் பச்சை சிரித்துக்கொண்டிருக்குமோ. ஆனால் எல்லாம் வேண்டும் என்று நின்றால் எதுவுமே கிடைக்காது என்பதும் அவளுக்குத் தெரியும்.

தலைவர் மலையின் பக்கம் திரும்பினார். “உங்க எதிர்ப்பு அப்படியே நிக்குதா?”

“கம்பெனியோட நிலைப்பாடு இது.”

“நிலைப்பாடு புரியுது. தொழில்நுட்பக் காரணம்?”

மலை தாளைப் பார்த்தார். திருப்பியும் பார்த்தார். மறுபக்கம் வெற்றாக இருந்தது. ஏதாவது ஒரு காரணத்தை அந்த இடத்திலேயே புனைந்து சொல்லியிருக்கலாம். அந்த அறையில் அவரைவிடச் சாமர்த்தியமாகப் புனையக்கூடியவர் யாருமில்லை. எல்லாரும் அவர் வாயையே பார்த்தார்கள்.

“தொழில்நுட்பக் காரணம் இருந்துச்சு,” என்றார் மெதுவாக. “அதைக் கமா மேடம் சரி பண்ணிட்டாங்க. இப்ப இல்ல.”

“அப்படின்னா?”

“விதிப்படி என்னால எதிர்க்க முடியாது. அவகாசத்தோட ஏத்துக்கறேன்னு எழுதிக்குங்க.” தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

வேறு எதிர்ப்பு உண்டா என்று தலைவர் சுற்றிலும் பார்த்துக் கேட்டார். இல்லை. ஏழாம் பிரிவு நிறைவேறியது என்று அறிவித்துவிட்டு, மூச்சு விடாமல் எட்டாம் பிரிவுக்குப் போனார். கமா ‘வேண்டும்’ பக்கத்தில் இருந்த கேள்விக்குறியை அழித்தாள்.

இடைவேளையில் மலை நடைபாதை ஜன்னலோரம் போய் நின்று போனை எடுத்தார். கமாவும் பின்னாலேயே போனாள். “நான் தள்ளிப் போகட்டுமா சார்?”

“வேண்டாம், இருங்க. தனியா வாங்கிக் கட்டிக்க எனக்கும் தெம்பில்ல.”

அவர் தன் மேலதிகாரியிடம் நடந்ததை நடந்தபடியே சொன்னார். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. பிறகு வெகுநேரம் கேட்டுக்கொண்டே நின்றார். “ஆமா சார்… தெரியும் சார்… இல்ல சார், என்கிட்ட வேற காரணம் இல்ல…” கீழே தெருவில் ஒரு லாரி பின்னுக்கு வரத் தெரியாமல் போக்குவரத்தையே அடைத்துக்கொண்டு நின்றது. கமா அதைப் பார்ப்பது போல நின்றிருந்தாள்.

போனை அணைத்துவிட்டு அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

“என்ன சொன்னார்?”

“முதல்ல திட்டினார். நல்லாவே திட்டினார். அப்புறம் எப்ப முடிப்பேன்னு கேட்டார்.”

“நீங்க?”

“உங்களுக்கு முன்னாடி முடிச்சுடுவேன்னு சொல்லிட்டேன்.”

“அதையும் பாத்துடலாம்,” என்றாள் கமா. கைப்பையிலிருந்து போனை எடுத்து, தன் மேனேஜரின் எண்ணைத் தட்டினாள்.